கஜாவில் சாய்ந்த எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி வட்டாரத் தென்னை விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள் சார்பில் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை வீசிய கஜா புயலில், தாத்தா காலத்து மரங்களெல்லாம் வேரோடு பெயர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நஷ்டம் தோப்புக்காரரோடு நிற்கவில்லை. மரம் ஏறுகிறவர், தேங்காய் உரிக்கிறவர், கீற்று முடைகிற அக்காமார், கயிறு ஆலைக்கு மட்டை ஏற்றுகிற வண்டிக்காரர், இவர்களுக்கெல்லாம் கடனுக்கு அரிசி போட்ட மளிகைக்கடைக்காரர் என்று அத்தனை வீட்டு அடுப்பும் அந்த மரங்களை நம்பித்தான் எரிந்தது. நெல் போனால் அடுத்த போகத்தில் எழுந்துகொள்ளலாம். நெட்டை ரகத் தென்னம்பிள்ளை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும்.

மின்வாரியத் தொழிலாளர்களே, புயல் அடித்த மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்து, சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டீர்கள். மோட்டார் ஓடியதால்தான் மிச்ச மரங்கள் பிழைத்தன.

ரம்ப மெஷினோடு வந்த சகோதரர்களே, அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. பணம் கைக்கு வரட்டும் என்று கூலியைக்கூடக் கேட்காமல் அறுத்துத் தள்ளினீர்கள். விழுந்த மரம் அப்படியே மக்கினால் காண்டாமிருக வண்டு அதில் பெருகும், புதுக்கன்றின் குருத்தைக் குடையும். வண்டு கடித்த குருத்து விரியும்போது ஓலை கத்தரியில் வெட்டினது போல முக்கோணமாக வரும். வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து குருத்தையொட்டிய மட்டை இடுக்குகளில் போடச் சொல்லி, தோப்பு தோப்பாக வந்து செய்து காட்டிய வேளாண் அலுவலர்களுக்கும் நன்றி.

அப்புறம், 2019-இல் பேராவூரணி பெரிய குளத்தைத் தூர்வாரிய கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பின் இளைஞர்களே. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி. நாங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் திறந்தாலும் மேலே பாய்ந்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. குளம் தூர்ந்து தண்ணீர் நிற்காமல் போகப்போக நெல் குறைந்தது, போர்வெல்லும் தென்னையும் பெருகின. ஊரே ஒரு பயிரில் நின்றது, அதனால் ஒரே ராத்திரியில் ஊரே விழுந்தது. நிவாரணப் பொருள் வந்து குவிந்த நாளில் யாரும் இதைப் பேசவில்லை. நீங்கள் பேசினீர்கள். ஊர் ஊராகக் காசு திரட்டி, பொக்லைனை இறக்கி, கரையைப் பலப்படுத்தினீர்கள். குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறும் ஊறும், நெல்லும் போடலாம். இளங்கன்றுகளுக்கு நடுவே உளுந்தும் கடலையும் போட்டவர்களுக்குக் காய்ப்பு வரும்வரை அந்த வருமானம்தான் கைச்செலவுக்கு ஆயிற்று.

தென்னம்பிள்ளைகளை லாரியில் அனுப்பிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்களே, அவை இப்போது பாளை விட்டுக் காய்க்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் எந்தத் தோப்பிலும் நுழைந்து சொல்லுங்கள், இளநீர் இறக்கித் தருவோம்.