சந்தா கட்டுவதற்கு முன் வரைபடம் யாருக்கு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதச் சந்தா கட்டினால் மாதிரி உருப்படியை 3D பிரிண்டரில் சட்டென்று அச்சடித்து அனுப்பி, ஐம்பது நூறு என்று சிறு அளவிலும் செய்து தரும் நிறுவனங்களைப் பற்றித் தங்கள் சிறுதொழில் பக்கத்தில் பார்த்தேன். சுங்கை சிப்பூட்டில் புல்வெட்டும் மெஷினும் மருந்து பம்பும் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் ஒரு நிறுவனத்தில் சந்தா கட்டியவன்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் மாட்டும் பம்பில், கைப்பிடி தொட்டியோடு சேருமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவ்வி இருக்கும். தோட்டத்தில் முதலில் உடைவது அதுதான். கடையில் கேட்டால், "அது மட்டும் வராதுண்ணே, புது பம்பே வாங்கிக்கிங்க" என்பார்கள். உடைந்த கவ்வியை அனுப்பி, ஓரத்தைத் தடிப்பாக்கி வரையச் சொன்னேன். முதல் மாதிரி பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் வந்தது. அளவு பார்க்க அது போதும். ஆனால் 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். வெயிலில் நிற்கும் லோரியில் வைத்தால் வளைந்துவிடும். அப்புறம் நைலானில் எடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு செம்பனைக்குள் மருந்து அடிக்கும் அக்காமார் கவ்வி உடைந்ததென்று இன்னும் பட்டறைக்குத் திரும்பி வரவில்லை. எனக்கு வருமானம் குறைவுதான், போகட்டும்.

இதற்கே இரும்பு மோல்ட் செய்யப் போனால் பல ஆயிரம் வெள்ளி ஆகும். சிலிக்கோன் மோல்டில் ரெசின் ஊற்றினால் ஒரு மோல்டுக்குச் சுமார் 20 உருப்படி எடுக்கலாம். அதற்குமேல் மோல்ட் கிழியத் தொடங்கும். எங்களைப் போன்ற பட்டறைக்கு அந்த 20 தாராளம்.

தொல்லை சந்தாவில்தான். மாதத்துக்கு இத்தனை மணிநேர வேலை என்றுதான் சந்தா; பயன்படுத்தாத மணிநேரம் மாதக் கடைசியில் காலாவதியாகிவிடும். பினாங்கிலும் ஷா ஆலாமிலும் தினம் ஒரு வரைபடத்தை மாற்றிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு அது சரி. இங்கே மழை பிடித்துவிட்டால் மருந்தடிப்பு நிற்கும், பம்பும் பட்டறைக்கு வராது. சந்தா மட்டும் நிற்காது.

அதைவிடக் கொடுமை, சந்தாவை நிறுத்தியபோது நடந்தது. வரைபடம் கேட்டேன், எஸ்டிஎல் கோப்பு மட்டும் கொடுத்தார்கள். அதில் இருப்பது முக்கோணங்களால் ஆன வெளித்தோல்தான். அப்படியே அச்சடிக்கலாம், துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டுமென்றால் பெரும் பாடு. திருத்தக்கூடிய ஸ்டெப் கோப்புக்குத் தனிக்காசாம்! யோசனை என்னுடையது, வரைந்த கூலியையும் சந்தாவில் கழித்தாயிற்று.

நிறுவனமே மூடிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் சந்தா வாங்கிப் பட்டறை நடத்திய டெக்ஷாப், 2017 நவம்பரில் அங்கிருந்த கிளைகளையெல்லாம் திடீரென்று மூடியது.

எங்கள் தொகுதியின் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களின் சிறுபணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு சந்தாவைப் பங்குபோட முடியாதா? ஒரு கணக்கு ஒரு பெயரில்தான் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். நம் வணிகர் சங்கங்கள் மொத்தமாகப் போய்ப் பேசினால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

மிச்ச மணிநேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா, ஸ்டெப் கோப்பு யாருக்குச் சொந்தம், கூட்டுச் சந்தா உண்டா என்று அந்த நிறுவனங்களிடம் கேட்டு, பதிலைத் தாங்கள் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரன்,
சுங்கை சிப்பூட், பேராக்