வாட்டர்புரூஃப் என்றால் போதுமா? ஐலைனர் நிறுவனங்களுக்குக் கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

கண் மை, காஜல், ஐலைனர் தயாரித்து விற்கும் நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 14 வருடமாகப் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். உங்கள் பொருளை நான் விற்பதில்லை. ஆனாலும் எதை வாங்குவது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். புருவம் திருத்திக்கொண்டு நாற்காலியை விட்டு எழும்போதே கேட்பார்கள்: "அக்கா, காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் கலையாம நிக்கிற மாதிரி ஒரு ஐலைனர் சொல்லுங்க."

கல்யாண அலங்காரம் என்றால் எனக்குக் கவலையில்லை. பெண்ணின் பக்கத்திலேயே நிற்பேன், கலைந்தால் சரிசெய்வேன். இவர்கள் கேட்பது தினசரிக்கு. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிறவர்கள். நடுவில் ஒரு தடவை கண்ணாடி பார்க்கக்கூட நேரம் கிடைக்காதவர்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில், உங்கள் டப்பாவில் இருக்கும் வாசகத்தை நம்பிச் சொல்வதுதான். அந்த வாசகத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி மாதம் ஒரு முறை என்னிடம் வருவாள். மஞ்சக்குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் இரவு திரும்புகிறவள். என் பேச்சைக் கேட்டு ஒரு ஐலைனர் வாங்கினாள். டப்பாவில் "24 மணி நேரம்", "வாட்டர்புரூஃப்", "ஸ்மட்ஜ்புரூஃப்" என்று மூன்றும் இருந்தன. ஆறரை மணிக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறி, உட்கார இடமில்லாமல் நின்றபடியே போன பயணம். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் மேல் இமை மடிப்பில் இன்னொரு கோடு அச்சாக விழுந்துவிட்டது. வார்டில் மாஸ்க் போட்டதும் மூச்சுக்காற்றின் சூடு மேலே கண்ணுக்கு ஏறும். பத்து மணிக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் மாதிரி ஆகி, "ராத்திரி தூங்கலையா?" என்று மூத்த நர்ஸ் கேட்டாராம்.

அது ஒரு பாதி. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். மடிப்பில் பரவியது போனது. இமை மயிரின் வேரில் ஒட்டியது போகவில்லை. துண்டால் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். இப்படியே நாலு நாள். ஐந்தாம் நாள் இரண்டு இமையும் சிவந்து வீங்கிவிட்டன. கண் டாக்டர் மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கண்ணில் எதுவும் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். என்மேல் அவள் கோபப்படவே இல்லை. சொன்னவள் நான் என்பதால் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பகலில் நிற்காத மை, இரவில் போகவும் மறுக்கிறது. இது எப்படி என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். பதில் ஒரே சொல்தான்: எண்ணெய்.

வாட்டர்புரூஃப் என்று நீங்கள் எழுதுவது தண்ணீரைப் பற்றி மட்டும். அப்படிப்பட்ட ஐலைனரில் பெரும்பாலும் மெழுகும், சிலிக்கோன் பிசினும், பூசியதும் ஆவியாகிப் போகும் ஐசோடோடெகேன் மாதிரி ஒரு கரைப்பானும் இருக்கும். கரைப்பான் ஆவியானதும் தண்ணீர் ஒட்டாத ஒரு படலம் தங்கும். அந்தப் படலத்தைத் தண்ணீரும் சோப்பும் சரியாகத் தொடாது, எண்ணெய் இளக்கிவிடும். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துத்தான் பின்னிக்கொள்கிறார்கள். பஸ் கூட்டத்தில் வியர்க்கும்போது நெற்றியிலிருந்து அந்த எண்ணெயும் சேர்ந்து இறங்கும். மேலே சன்ஸ்கிரீன் வேறு. இது போதாதென்று இமையிலேயே எண்ணெய் ஊறுகிறது. இமை மயிர்களுக்குப் பின்னால், இமையின் ஓரத்திலேயே எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் மட்டும் 25 முதல் 40 வரை இருக்கும். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அதை நிறுத்தவும் முடியாது, நிறுத்தவும் கூடாது.

ஆக, அந்தப் பெண்ணின் கண்ணில் மையைக் கலைத்ததும் எண்ணெய். இரவில் அதை வலியில்லாமல் எடுத்திருக்கக்கூடியதும் எண்ணெய். பஞ்சில் எண்ணெய் கலந்த ரிமூவரை நனைத்து, மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்திருந்துவிட்டுக் கீழ்நோக்கி வழித்திருந்தால் போதும். உங்கள் டப்பாவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம் நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வைகாசி முழுவதும் வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று என்று போட்டுக்கொண்டு நடமாடினேன். சமையல், பார்லரில் ஃபேஷியல் ஸ்டீமர் பக்கத்தில் நிற்பது, சாமான் வாங்கப் புதுச்சேரி நேரு வீதிக்குப் போய் வருவது, சாயங்காலம் சில்வர் பீச்சில் பேத்தியோடு நடப்பது, எல்லாவற்றிலும். எங்கள் ஊரில் கடற்காற்று கிளம்புகிற வரைக்கும் வியர்வை உடம்பைவிட்டுக் காயவே காயாது. காற்றில் அவ்வளவு ஈரம். அந்த வெயிலில் எது நிற்கிறது என்று பார்த்தேன்.

பென்சில் வகைதான் முதலில் கலைந்தது. மெழுகும் எண்ணெயும் கலந்த பொருள், இமைச் சூட்டுக்கே இளகுகிறது. அதன்மேல் கொஞ்சம் கறுப்பு ஐஷாடோவைத் தொட்டு ஒற்றினால் இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும். ஜெல் நன்றாக நின்றது, மதியம் சாப்பிடும் வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் தினமும் திறந்து மூடியதில் சீக்கிரமே புட்டியே கெட்டியாகிவிட்டது. பிரஷ்ஷால் வரைகிற லிக்விட் ஒன்று நாலு மணிக்குமேல் வெடித்துச் செதில் செதிலாகக் கண்ணுக்குள் விழுந்தது. உறுத்தல் தாங்க முடியவில்லை.

என்னை ஆச்சரியப்படுத்தியது வேறொரு லிக்விட். தண்ணீரில் கலந்த அக்ரிலேட் பாலிமர் என்ற ஒரு வகைப் பிசின் சேர்ந்தது, காய்ந்ததும் மெல்லிய தோல் மாதிரி இமையில் உட்காருகிறது. முகத்தில் எண்ணெய் வழிந்தது, வியர்த்துக் கொட்டியது, கோடு அசையவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கும் காலையில் வரைந்த மாதிரியே இருந்தது. ஸ்டீமர் முன்னால் நின்ற அன்று மட்டும் ஓரம் கொஞ்சம் தூக்கியது. இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணை நனைத்துக் காத்திருந்தேன். தேய்க்காமலேயே சின்னச் சின்னத் துணுக்காகக் கழன்று வந்துவிட்டது. ரிமூவரே வேண்டியிருக்கவில்லை. இதைப் போடும்போது ஒரு விஷயம்: ஈரக்காற்றில் இது காய நேரம் பிடிக்கும். கீழே பார்த்தபடி ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். டப்பாவில் இருக்கிற விநாடிக் கணக்கை நம்பி நிமிர்ந்தால் மடிப்பில் ஒட்டிவிடுகிறது.

அதாவது உங்கள் ஐலைனர்களில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்குக் கரையும். இன்னொன்று எண்ணெயைத் தாங்கும், சூடான தண்ணீருக்குக் கழலும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு இரண்டாவது தேவை. முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் தண்ணீரும் மீனுமாகக் குனிந்து நிமிர்கிற என் வாடிக்கையாளர் அக்காவுக்கு முதலாவது சரியாக இருக்கும். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை இது மாறுகிறது. ஆனால் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் "லாங் லாஸ்டிங்" என்பது ஒன்றுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதமும் ஏழு ஐலைனரின் விலையும் ஆயின. வாடிக்கையாளர்களால் அப்படிச் செலவழிக்க முடியாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒன்று வாங்குவார்கள், சரியில்லை என்றால் அதையே தீர்க்கப் பார்ப்பார்கள்.

அதனால் நான் கேட்பது இது. "24 மணி நேரம்" என்ற எண்ணை எடுத்துவிட்டு, இந்தப் பொருள் தண்ணீர், வியர்வை, எண்ணெய் ஆகிய மூன்றில் எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது என்று போடுங்கள். அந்த 24 இருந்தே தீர வேண்டும் என்றால், எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரக்காற்றில் சோதித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவரின் இமையில் எடுத்த கணக்கு, மே மாதம் ஆல்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்குப் பொருந்தாது. எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். அதைத் தமிழில் போடுங்கள். படம் போட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது உட்பொருள் பட்டியல். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 30 கிராமுக்குக் குறைவான கெட்டிப் பொருளுக்கும் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் பட்டியல் போடுவதிலிருந்து விலக்கு உண்டு. காஜல் பென்சில் பல 0.35 கிராம்தான். லிக்விட் ஐலைனர் பத்து மில்லியைத் தாண்டிப் பார்த்ததில்லை. தலையில் தேய்த்துக் கழுவிவிடும் ஷாம்பூ பாட்டிலுக்குப் பட்டியல் வேண்டும், நாள் முழுக்கக் கண்ணை ஒட்டியே இருக்கும் பொருளுக்குக் கட்டாயம் இல்லை என்று ஆகிறது. உங்களில் சிலர் கட்டாயம் இல்லாமலேயே போடுகிறீர்கள். அவர்களுக்கு என் நன்றி. அந்தப் பட்டியலைப் படித்துத்தான் அக்ரிலேட் எது, சிலிக்கோன் எது என்று நான் பிரித்தேன். மற்றவர்களும் போடுங்கள். விதி சொல்லவில்லை என்பது, போடக் கூடாது என்று ஆகாது.

ஈயத்தைப் பற்றியும் எங்கள் ஊரில் பயம் இருக்கிறது. ஈயமோ ஆர்சனிக்கோ சேர்ந்த சாயத்தை அழகுசாதனத்தில் பயன்படுத்தக் கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது. சேர்க்கும் நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. அப்படியும் சண்டே மார்க்கெட்டில் பெயரோ பேட்ச் எண்ணோ இல்லாத மையும், சுர்மா என்கிற கண் மைப் பொடியும் விற்கின்றன. பழைய முறை சுர்மா பெரும்பாலும் ஈய சல்பைடுதான். அதை வாங்காதீர்கள் என்று நான் சொல்லும்போது, உங்கள் பொருளில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே காட்டினால் என் பேச்சுக்குப் பலம் வரும். "இயற்கை", "ஆயுர்வேதம்" என்ற சொற்கள் அந்த வேலையைச் செய்வதில்லை.

என் பாட்டி வீட்டிலேயே மை செய்வார். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய வெள்ளைத் துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த பித்தளைத் தட்டில் படிகிற கரியைச் சுரண்டி, மறுபடி விளக்கெண்ணெயில் குழைப்பார். பிறகு வீட்டில் ஐடெக்ஸ் டப்பா வந்தது, சுண்டு விரலால் தொட்டு வைத்துக்கொள்வோம். காயாத எண்ணெயில் குழைத்த பாட்டி மை மதியத்துக்குள் பரவிவிடும், முந்தானை நுனியால் துடைத்துக்கொள்வோம். பரவும் என்று தெரிந்தே போட்டதால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. (அந்த மையைக் கைக்குழந்தையின் கண்ணுக்கும் இழுத்தார்கள். அதை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை, கேட்டால் வேண்டாம் என்றே சொல்கிறேன்.)

காஜலைக் கண்ணுக்குள், கீழ் இமையின் உள் விளிம்பில் இழுப்பது எங்கள் வழக்கம். அங்கே கண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் எந்த மையும் நாள் முழுக்க நிற்காது. அதோடு, நான் மேலே சொன்ன எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது, மெழுகு அதை அடைக்கலாம். அடைத்தால் கண் காய்ந்து எரியும், இமையில் கட்டி வரும். உங்கள் பொருள் உள் விளிம்புக்கு ஏற்றதா, வெளியே மட்டும் போட வேண்டியதா என்று தெளிவாக எழுதுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் வைக்கலாம் என்பதையும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் போடுங்கள். லிக்விட் ஐலைனரை ஆறு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள் என்று நான் சொன்னால், "இன்னும் பாதி இருக்கேக்கா" என்கிறார்கள். கடைகளில் எல்லாரும் ஒரே டெஸ்டரைக் கண்ணில் போட்டுப் பார்க்கிறார்கள்; அதற்கு, ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறியும் நுனிகளைக் கொடுங்கள்.

அந்த நர்ஸ் பெண்ணுக்குக் கண் முழுக்கச் சரியாகிவிட்டது. டாக்டரும் இனி போடலாம் என்று சொல்லிவிட்டாராம். வருகிற வெள்ளிக்கிழமை புருவம் திருத்த வருகிறேன் என்று போன் செய்தாள். அந்த அக்ரிலேட் லிக்விட்டை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இமையைத் துடைத்து, கொஞ்சம் காம்பாக்ட் பவுடர் ஒற்றி, மெல்லிய கோடாக எப்படிப் போடுவது என்று காட்டுவேன், வெதுவெதுப்பான தண்ணீரில் எடுப்பதையும் சொல்லித் தருவேன். அது தீர்ந்ததும் அவள் தனியாகக் கடைக்குப் போய் அடுத்ததை வாங்க வேண்டும். அப்போது அவள் கையில் இருக்கப்போவது உங்கள் டப்பா மட்டும்தான்.

இப்படிக்கு,
பார்லர் நடத்தும் ஒருத்தி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.