கோணமலைக் கற்களும் கடல்கோளும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கோணேசர் மலையடியில் கடலுக்குள் கிடக்கும் கற்றூண்களைக் காட்டி, புராணங்கள் கூறும் பிரளயத்துக்கும் பழந்தமிழ் நூல்கள் கூறும் கடல்கோளுக்கும் அவையே சான்று என்று சொல்வோர் நம்மிடையே பலர் உள்ளனர். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதனை மறுத்து எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

1620களில் போர்த்துக்கேயர் இம்மலைமேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். எஞ்சியவற்றுள் பல கடலில் வீழ்ந்தன. கோட்டை வாசலில் இன்றும் காணப்படும் கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டே கோயிற் கற்களால் கோட்டை கட்டப்பட்டமைக்குச் சாட்சி. 1956 இல் அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் நீரில் மூழ்கிக் கண்டவையும் அந்தக் கோயிலின் சிதைவுகளே. மேலும், தென்னாட்டில் கற்கோயில் கட்டும் மரபு பல்லவர் காலத்தில், 7 ஆம் நூற்றாண்டளவில்தான் வேரூன்றியது. அதற்குப் பிந்திய தூண்கள், அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியதாகச் சொல்லப்படும் வெள்ளத்துக்கு எவ்வாறு சான்றாகும்? மனிதர் செய்த அழிவை இயற்கையின் கணக்கில் எழுதினால், இடித்தவர்களை நாமே குற்றத்திலிருந்து விடுவித்தவர்கள் ஆவோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இத்தகைய அவசரம் நமக்கு மட்டும் உரியதன்று. ஈராக்கில் ‘ஊர்’ (Ur) என்னும் பெயருடைய பண்டைய நகரில் அகழ்ந்த தொல்லியலாளர் லெனார்ட் வூலி, 2 மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புள்ள வண்டற்படையைக் கண்டு, நூஹ் நபி காலத்து வெள்ளத்தின் தடயம் அதுவே என 1929 இல் அறிவித்தார். ஆனால் அருகிலுள்ள எரிது நகரில் அப்படை இல்லை. வேறு நகரங்களில் கிடைத்த வண்டற்படைகளின் காலமும் ஒத்துவரவில்லை. அது ஆற்று வெள்ளம் ஒன்றின் படிவு என்பதே இன்றைய முடிபு.

பழைய கடற்பெருக்குகளை உண்மையிலேயே தேட விரும்புவோர் களப்புகளின் (கடலை அடுத்த உவர்நீர் ஏரிகளின்) சேற்றைத் தேட வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையில் கடல்மணலைப் படியவிட்டுச் சென்றதை நாம் கண்டோம். முற்காலப் பேரலைகளும் அவ்வாறே கருஞ்சேற்றின் இடையே மணற்படைகளை விட்டுச் சென்றிருக்கும். குழாய் இறக்கி எடுக்கும் சேற்றுத்தூணில் அம்மணலையும் அதிலுள்ள நுண்கடலுயிர்களின் ஓடுகளையும் பிரித்தறிந்து, அடுத்துள்ள மக்கிய தாவரப் பொருளின் கரிமக் கதிரியக்க அளவால் காலம் கணிக்கலாம். அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் இம்முறையாலேயே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்ட பல பேரலைகளின் படைகள் கண்டறியப்பட்டன. புயலும் மணலை அள்ளி வரும் என்பதால் (1964 டிசம்பரில் அதனையும் இவ்வூர் கண்டது) இரண்டையும் வேறுபடுத்துவதற்குப் பொறுமை வேண்டும்.

உப்பாறு, நிலாவெளிப் பகுதிக் களப்புகளில் இவ்வாய்வை மேற்கொள்ளுமாறு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தினரைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன். கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு மலையடிக் கற்களைக் காட்டி விளக்குவோர், அவை போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் என்றே சொல்ல வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.