கரடிக்கு எவ்வளவு முடியும் எண்டு கேட்டியே

என்ர அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். இஞ்ச நானும் அம்மாவும் சுகம். நீ சுட்ட கரடியைப் பாடம் பண்ண எவ்வளவு செலவு முடியும் எண்டு ஞாயிற்றுக்கிழமை நீ போனில கேட்டதுக்கு "பேந்து சொல்லுறன்" எண்டுபோட்டு அம்மாட்டக் குடுத்திட்டன். உனக்கு அது ஒரு மாதிரி இருந்திருக்கும். பதில் தெரியாமல் இல்லை, பிள்ளை. 1996ஆம் ஆண்டில இருந்து நான் செய்யிறது அந்த வேலைதானே, செத்த மிருகத்தின்ர தோலைப் பதனிட்டு உயிரோட நிக்கிற மாதிரி ஆக்கிறது. ஒரு கணக்கை மட்டும் சொல்லிப்போட்டுப் போனை வைக்க மனம் வரேல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில படிச்சது கொஞ்சம் மறந்திருந்தாலும் எழுத்துக் கூட்டி ஆறுதலா வாசி.

முதல் காசைச் சொல்லிப்போடுறன். எங்கட பட்டறையில ஒரு கருங்கரடியை முழு உடம்பாப் பாடம் பண்ண 4,800 டொலர். ஒன்ராறியோ வரி 13 வீதம், அது 624. எல்லாமா 5,424. பாதிக் காசு முற்பணம், மிச்சம் எடுக்க வரேக்க. தலையோட சேர்த்துத் தரையில விரிக்கிற மாதிரியோ சுவரில கொழுவுற மாதிரியோ செய்யிறதெண்டால் 2,000 அளவில வரும். தோலை வெறுமனே பதனிட்டுத் தந்தால் போதும் எண்டால் 600க்குள்ள முடிஞ்சிடும். ஒவ்வொரு பட்டறையிலயும் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் முழுக் கரடியை 2,500க்குச் செய்து தாறன் எண்டு ஆரும் சொன்னால், தோலைக் குடுக்க முதல் அவர் முந்திச் செய்த ஒரு கரடியின்ர காதையும் உதட்டையும் கிட்டப் போய்ப் பார்.

அந்த 4,800இல பதனிடும் ஆலைக்கு 480 போகுது. உள்ளுக்க வைக்கிற ஃபோம் உடம்புக்கு லொறிக் கூலியோட 720. கண்ணாடிக் கண் ஒரு சோடி 40. பசை, களிமண், நூல், ஊசி, மை எண்டு 160. கீழ வைக்கிற பலகைக்கும் பாறைக்கும் 300. இவ்வளவும் 1,700. மிச்சம் 3,100 முழுக்க எங்கட கைக்கு வாறதில்லை. பட்டறை வாடகை, குளிரில ஹீற்றர், காப்புறுதி எல்லாம் அதுக்குள்ளதான். மிஞ்சுறது 45, 50 மணித்தியாலக் கூலி. அதுவும் ஒரே மூச்சில செய்யிற வேலை இல்லை. ஆலையில இருந்து தோல் திரும்பி வரவே சில நேரம் ஆறு மாசம் போகும். இண்டைக்குத் தந்தால் அடுத்த வருசம் இந்த நேரம்தான் கையில கிடைக்கும் எண்டு நினைச்சுக்கொள்.

உள்ளுக்க மண்டையோடு இருக்குது எண்டுதான் கனபேர் நினைக்கிறவை. உன்ர பெரியம்மாவும் அப்பிடித்தான் கேட்டவ. பாடம் பண்ணின கரடிக்குள்ள நகங்களையும் அதுகள் ஒட்டியிருக்கிற கடைசி விரல் எலும்புகளையும் தவிர வேற எலும்பு இல்லை. மண்டையோட்டைப் புறம்பா எடுத்து, இறைச்சி தின்னுற சின்ன வண்டுகளிட்ட விட்டுச் சுத்தப்படுத்துறது. வேட்டைக்காரர் கரடியின்ர பெருமையை அளக்கிறதும் அந்த மண்டையோட்டின்ர நீள அகலத்தை வைச்சுத்தான். உடம்பு ஃபோமில வரும். மூக்கு நுனியில இருந்து வால் அடி மட்டும், கழுத்துச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, கண்ணின்ர முன் மூலையில இருந்து மூக்கு நுனி மட்டும் அளந்துதான் ஓடர் குடுப்பம். அந்தக் கடைசி அளவு கால் அங்குலம் பிழைச்சால் வேற ஆற்றையோ கரடியின்ர முகம் வந்திடும்.

ஆனால் உண்மையான வேலை தோலை ஆலைக்கு அனுப்ப முதலே முடிஞ்சிடும். பனி உருகின தோலைச் சாய்வா நிறுத்தின மரத்தில போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால கொழுப்பை வழிச்சு எடுக்க வேணும். செப்டெம்பர்க் கரடி எண்டால் குளிர்காலத்துக்குச் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொழுத்துப்போய் இருக்கும். சில இடத்தில இரண்டு விரல் தடிப்புக்குக் கொழுப்பு. அது கொஞ்சம் மிஞ்சினாலும் உப்பு உள்ளுக்க இறங்காது. பிறகு உதட்டை இரண்டாப் பிளந்து விரிக்கிறது, மூக்குக் குருத்தெலும்பை மெல்லிசாச் சீவுறது, காதை உள்பக்கம் வெளியாத் திருப்புறது. ஒரு சொக்ஸைத் திருப்புற மாதிரித்தான், ஆனால் விரல் நுனியால இழை இழையாப் பிரிச்சுப் பிரிச்சுக் காதின்ர நுனி மட்டும் போக வேணும். அதுக்குப் பிறகுதான் அயடீன் கலக்காத தூள் உப்பு. தோலின்ர நிறைக்குச் சரி நிறை. ஒரு மடிப்புக்கூட விடாமல் கையால தேய்க்க வேணும். அடுத்த நாள் வடிஞ்ச தண்ணியோட அந்த உப்பை உதறிப்போட்டுப் புது உப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் ஒரு காதை முழுக்கத் திருப்பாமல் விட்டிட்டன். அரை அங்குலம் இருக்குமோ என்னவோ. அண்டைக்குப் பின்னேரம் நேரம் போட்டுது, உப்பு உள்ளுக்க இறங்கும் எண்டு நினைச்சன். ஆலையில இருந்து தோல் வந்த நாள் முதலாளிக் கிழவர் அந்தக் காதைத் தொட்டார், மயிர் அவரின்ர விரலோட வந்திட்டுது. ஒரு காது மொட்டை. அவர் ஒரு சொல்லும் பேசேல்லை. தன்ர காசில வேறொரு கரடித் தலைத்தோல் வாங்கிச் செய்து குடுத்தார். செய்தது வடிவாத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிசன் கொண்டுபோனது தான் சுட்ட கரடியின்ர முகம் இல்லை. அண்டையில இருந்து காது திருப்பேக்க நான் ரேடியோவும் போடுறதில்லை. 4,800 எண்டு நாங்கள் கேட்கிறதில பெரிய பங்கு அந்தக் காதுக்கும் உதட்டுக்கும்தான், பிள்ளை. ஒருத்தரும் பார்க்காத இடத்தில போற மணித்தியாலம் அது.

உனக்கு நான் சொல்லாத ஒண்டும் இருக்கு. இலங்கையில எங்கட ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுக்க பாலைப்பழக் காலத்தில கரடி வரும். எங்கட ஊர்க் கரடி மரமேறிப் பழம் தின்னும். அந்தக் காலத்தில சனமும் பழம் பொறுக்கப் போகும். என்ர பெரியப்பாவுக்கு ஒருக்கா முகத்தில அடிச்சது. ஒரு கண் போட்டுது, கன்னம் தைச்ச அடையாளம் சாகும் மட்டும் இருந்தது. சின்னனில அவரின்ர முகத்தைப் பார்த்துத்தான் கரடி எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும். இஞ்ச வந்து, இந்தப் பட்டறையில முதல் முதலா ஒரு கரடியை உரிச்சு முடிச்ச நேரம் அதின்ர பின்னங்காலைக் கையில பிடிச்சிருந்தன். தோல் இல்லாமல் அது மனிசக் கால் மாதிரியே இருந்தது. குதி, பாதம், அஞ்சு விரல். நீ அப்ப இரண்டு வயசு. வீட்டை வந்து நித்திரையில கிடந்த உன்ர காலைத் தொட்டுப் பார்த்திட்டுச் சாப்பிடாமல் படுத்திட்டன். கொம்மாவுக்கு வேலை களைப்பு எண்டு சொன்னன். அண்டைக்கே அந்தப் பழைய பயமும் போட்டுது. அதுக்குப் பிறகு ஒரு கரடியையும் நான் ஏனோதானோ எண்டு செய்தது கிடையாது.

இனி உன்ர கரடி. இரண்டு காலில எழும்பி, வாயைத் திறந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிற மாதிரி வேணும் எண்டு உன்னோட வேட்டைக்கு வந்த பெடியன் சொன்னவன் எண்டாய். அது வேண்டாம். செய்ய ஏலாது எண்டு இல்லை, நூறு செய்திருப்பன். வாய் திறந்தால் செயற்கைத் தாடையும் நாக்கும் பல்லும் வைக்க வேணும், அதுக்கு 250 கூட. எழும்பி நிண்டால் பலகையோட ஆறரை, ஏழு அடி வரும், உன்ர திம்மின்ஸ் அப்பாட்மென்ரின்ர கூரை எட்டடி. ஆனால் நான் வேண்டாம் எண்டு சொல்லுறது அதுக்காக இல்லை. நீயே எனக்குச் சொன்னனி, பழைய மரம் வெட்டின பாதையின்ர கரையில அது குந்தியிருந்து புளூபெரி திண்டுகொண்டு இருந்தது, நீ நிண்டதே அதுக்குத் தெரியாது எண்டு. ஒரு வெடியில விழுந்தது, கிட்டப் போனால் நாக்கு ஊதாவா இருந்தது எண்டு சொல்லேக்க உன்ர குரல் மாறினது எனக்குக் கேட்டது. அந்தக் கரடி உன்னைப் பார்த்து உறுமேல்லையே, ராசாத்தி. உறுமினதா நான் எப்பிடிச் செய்யிறது?

எங்கட பட்டறைக் கதவடியில ஒரு கரடி நிக்குது. ஆறு வருசமாச்சு. வாய் ஆவெண்டு, கை இரண்டும் மேல. ஒரு மனிசன் பாதிக் காசு கட்டிச் செய்விச்சவர். முடிஞ்சு கூப்பிட்டால் வைக்க இடமில்லை, வீட்டில பிள்ளையள் பயப்பிடுதுகள் எண்டு நாள் கடத்திக் கடத்திப் பிறகு போனும் எடுக்கிறதில்லை. வெள்ளிக்கிழமையில நான்தான் மயிர் போற பக்கமாப் பிரஷ் போட்டுத் தூசி தட்டி விடுறன். யன்னல் வெயில் பட்ட பக்கம் கறுப்பு மங்கி மண்ணிறமாப் போட்டுது. உனக்கும் அதுதான் சொல்லுறன், செய்து வீட்டை கொண்டுபோனால் வெயிலுக்கும் ஹீற்றருக்கும் கிட்ட வைக்கக் கூடாது, கம்பளித் துணி அரிக்கிற பூச்சி விழுதோ எண்டு வருசத்துக்கு இரண்டு தரம் மயிரை விலக்கிப் பார்க்க வேணும்.

எனக்கு மனசில இருக்கிறது இது. நாலு காலில, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, வாய் மூடி, செடியை மணக்கிற மாதிரி. நெஞ்சில வெள்ளைத் திட்டு ஒண்டு இருக்கு எண்டு சொன்னனி. எங்கட ஊர்க் கரடிக்கும் நெஞ்சில வெள்ளையா ஒரு வளைவு இருக்கும். தலை தாழ்ந்திருந்தாலும் முன்னால நிண்டு பார்க்க அந்தத் திட்டுத் தெரியுற மாதிரிக் கழுத்தை வைக்கலாம், நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். முதலாளியோடயும் கதைச்சிட்டன். பின்னேரங்களில பட்டறையைப் பாவிக்கச் சொல்லிப்போட்டார். சாமான் காசு 1,700 நீ கட்டு, அது உன்ர கரடி. கூலி நான் வாங்க மாட்டன். அதைப் பற்றி என்னோட வாதாடாதை. இல்லை அப்பா, வெறும் தோல் போதும் எண்டு நீ நினைச்சாலும் எனக்குச் சந்தோசம்தான், அதையும் அதே மாதிரிக் கவனமாச் செய்வன்.

நன்றி சொல்லுற லோங் வீக்கெண்டுக்கு வாறாய்தானே. அப்ப உறைய வைச்சிருக்கிற தோலைக் கொண்டு வா. அது வரைக்கும் உருக விடாதை. உருக விட்டுத் திரும்ப உறைய வைச்சால் வயிற்றுப் பக்கத்து மயிர்தான் முதல்ல கழரும். ஆரும் உப்புப் போட்டு வைக்கச் சொன்னால் கேளாதை, உப்புப் போட்ட தோல் சரியா உறையாது. பையின்ர வாய் இறுக்கிக் கட்டியிருக்கோ எண்டு பார், காத்துப் பட்டால் காதும் உதடும் காஞ்சு போயிடும். ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தால் எட்டு மணித்தியாலம் தாங்கும். வேட்டை லைசென்ஸையும் அதோட தந்த ராக் எண்ட அடையாளச் சீட்டையும் மறக்காமல் எடுத்து வா, பட்டறைப் பதிவுக்கு வேணும். அதுகளின்ர பிரதி ஒண்டை எப்பவும் பத்திரமா வைச்சிரு. கருங்கரடி 1992இல இருந்து காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு கொண்டுபோறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில இருக்கிறதால, நாளைக்கு நீ வேற நாட்டுக்கு வீடு மாறினால் பேப்பர் கேப்பினம். பித்தப்பை மருந்துக்கு நல்லது எண்டு உன்ர மாமா ஒருத்தர் கேட்டவர். ஒன்ராறியோவில அதைப் புறம்பா எடுத்து வைச்சிருக்கிறதே சட்டப்படி குற்றம் எண்டு சொல்லிப்போட்டன், உன்னட்டக் கேட்டாலும் அதையே சொல்லு. இறைச்சி மிச்சம் இருந்தால் நடுவில துளியும் சிவப்பில்லாமல் நல்லா அவிய விடு, 74 பாகை செல்சியஸுக்கு மேல. உறைய வைச்சதால மட்டும் அதில இருக்கிற புழு சாகும் எண்டு நம்பி இராதை.

இரவில வண்டி ஓடாதை. நோர்த் பேயில நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வா.

இன்னும் ஒண்டு. வெளிக்கிட முதல் ஒருக்கா அந்த இடத்துக்குப் போய், அது குந்தியிருந்த இடத்துப் பாசியில ஒரு கைப்பிடியும், கிடந்த மரப்பட்டை ஒரு துண்டும், அந்தப் புளூபெரிச் செடியில இரண்டு மூண்டு கொப்பும் வெட்டிப் பேப்பர்ப் பையில போட்டுக் கொண்டு வா. இலை நிக்காது, அது நான் செய்து வைப்பன். கொப்பு உண்மையான கொப்பா இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா