கதவு உள்ளிருந்து திறக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிறுவனங்கள் நுழைவுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கார்டா, கைரேகையா, முகமா என்று விரிவாக அலசியிருந்தது. உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. 22 ஆண்டுகளாகப் பராமரிப்புப் பிரிவில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். விடுபட்ட அந்த ஒரு வரிக்காகவே எழுதுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆவண அறைக்குக் காந்தப் பூட்டு போட்டார்கள். மின்சாரம் இருக்கும்வரைதான் காந்தம் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும், ஆகவே ஆபத்தில் யாரும் சிக்கமாட்டார்கள் என்றார் விற்க வந்தவர். காந்தத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. வயரிங்கைத்தான் யாரும் கேட்கவில்லை. பூட்டுக்கு ஒரு பேட்டரி, கதவைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வேறொரு பேட்டரி. வெளியேறும் பொத்தானின் வயரோ பெட்டிக்குள் போய், பெட்டி உத்தரவிட்டால்தான் பூட்டு விடும்.

ஒருநாள் இரவு மின்சாரம் போனது. பெட்டியின் பழைய பேட்டரி சற்று நேரத்தில் உயிரை விட்டது. பூட்டின் பேட்டரி புதியது; காந்தம் பிடித்த பிடியை விடவில்லை. சுமார் 270 கிலோ இழுவிசையைத் தாங்கும் பூட்டு அது, தோளால் இடித்தால் திறக்காது. உள்ளே இரண்டு பேர். கதவைத் தட்டும் சத்தம் படிக்கட்டிலேயே எனக்குக் கேட்டது. ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தள்ளி, பேட்டரி முனையைக் கழற்றினேன். 'டக்' என்றது. கதவைத் தள்ளித் திறந்தபோது, உள்ளே இருந்த ஒரு பெண்ணின் கட்டைவிரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. அன்று புகை இல்லை, தீ இல்லை. இருந்திருந்தால் என்று நினைக்க இன்றும் எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியேறும் பொத்தான் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். தீ அலாரமும் அப்படியே. பெட்டியிடம் அனுமதி கேட்கும் பொத்தானை நம்பி ஆளை உள்ளே விடக் கூடாது. விலைப்புள்ளி கேட்கும்போதே இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு சிலவும் உண்டு. கார்டையோ விரலையோ படிக்க, கதவுக்கு வெளியே மாட்டும் சில கருவிகளில் பூட்டைத் திறக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. நான்கு திருகைக் கழற்றி இரண்டு வயரைத் தொட்டு வைத்தால் கதவு திறந்துவிடும். கைரேகையும் வேண்டாம், கார்டும் வேண்டாம். ரிலே உள்பக்கம் இருக்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சாதாரணக் கார்டுகள், கேட்கிற எந்தக் கருவிக்கும் தங்கள் எண்ணை அப்படியே சொல்லிவிடும். அவற்றை நகலெடுக்கச் சில நொடிகள் போதும். புதிதாக வாங்குபவர்கள் எண்ணை ரகசியக் குறியாக மாற்றிச் சொல்லும், குறியாக்கம் உள்ள கார்டையே கேட்க வேண்டும்.

கைரேகை மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சோப்புத் தண்ணீரிலும் சிமெண்டிலும் நாளெல்லாம் வேலை செய்பவர்களின் ரேகை தேய்ந்துவிடும். துப்புரவுப் பணியாளர் ஒருவர் விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து ஐந்தாறு முறை வைத்தும், சிவப்பு விளக்கே எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வரிசை நிற்க, அவர் கூனிக்குறுகிப் போனார். அப்படிப்பட்டவர்களுக்குக் கார்டு கொடுத்துவிடுங்கள். கருவி படிக்காதது அவர் குற்றமல்ல.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், நிர்வாகி ஒருவர் அறைக்குள் நின்று கதவைச் சாத்திக்கொள்ளட்டும். வெளியே ஒருவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியின் பேட்டரியையும் கழற்றட்டும். பிறகு உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தட்டும். கதவு திறந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பராமரிப்பு எலெக்ட்ரீஷியன் ஒருவர்