கணேசனுக்கு: எம்20 டைனமோ விஷயமாக

அன்பு கணேசா,

உன் கடிதமும் டைனமோ படங்களும் கிடைத்தன. போர்க்காலத்து பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்று, அதுவும் லூகாஸ் மாக்டைனோ (மாக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த கருவி) கழற்றப்படாமல், உன் கைக்கு வந்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பல வண்டிகளில் அதைத்தான் முதலில் தூக்கி எறிந்திருப்பார்கள்.

ஆறு வோல்ட் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று உன் மெக்கானிக் சொல்வதாக எழுதியிருந்தாய். என் பதில், வேண்டாம். இந்த வண்டிக்குப் பொறி கொடுப்பது மாக்னெட்டோ. பாட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். பாட்டரிக்கு இருக்கும் வேலை விளக்கும் ஹாரனும் மட்டும்தான். டைனமோ தரும் வோல்ட் அது சுற்றும் வேகத்தோடு ஏறுவது. 12 வோல்ட் பாட்டரிக்குள் கரண்ட் போக வேண்டுமென்றால் ஆறு வோல்ட்டுக்குத் தேவைப்படுவதைவிட நிறைய அதிகச் சுற்று வேண்டும். எம்20 நிதானமாக ஓடும் சைட் வால்வ் இன்ஜின். திருச்சி நெரிசலில் முப்பது, நாற்பதில் போனால் ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கமே கிடக்கும். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடும் இரட்டை சிலிண்டர் வண்டியாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். 12 வோல்ட்டில் கரண்ட் பாதியாகும், வயரில் இழப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதை நல்ல தடிமனான வயர் போட்டே சரிசெய்துவிடலாம்.

எது செய்வதானாலும் டைனமோ நலமாக இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அதைப் பார்க்காமல், டைனமோ தரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றி மாற்றிப் போடுவதில்தான் எல்லோரும் பணத்தை விடுகிறார்கள். டைனமோவிலிருந்து வரும் டி (கரண்ட் வெளியே வரும் முனை), எஃப் (ஃபீல்ட் காயில் முனை) இரண்டு வயரையும் கழற்று. டைனமோவின் டி, எஃப் முனைகளை ஒரு துண்டு வயரால் இணை. மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த இணைப்பிலும் மறுமுனையை டைனமோ உடம்பிலும் வைத்து, இன்ஜினை மெதுவாக ஓட்டி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. முள் தடுமாறாமல் சட்டென்று ஏற வேண்டும். பத்து வோல்ட்டைத் தாண்ட விடாதே. கட்டுப்பாடே இல்லாத நிலை அது, காயில் சூடேறிவிடும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் கார்பன் பிரஷ் சிக்கியிருக்கும். அரை வோல்ட் அளவில் நின்றால் உடம்போடு நிலையாக இருந்து காந்தப்புலம் தரும் ஃபீல்ட் காயிலைச் சந்தேகப்படு. ஒன்றரை வோல்ட் அளவில் நின்றால் கோளாறு நடுவில் சுழலும் ஆர்மேச்சரில்.

உன் படத்தில் கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சர் முனையில் பிரஷ் உரசும் செப்புப் பட்டைகள்) கறுத்து எண்ணெய் பூசியது போல இருக்கிறது. பற்சக்கரப் பக்கத்திலிருந்து எண்ணெய் கசிந்து உள்ளே வருகிறது. சீலை மாற்றாமல் மற்றதை எல்லாம் புதுப்பித்தால் சில மாதத்தில் இதே நிலைக்கு வந்துவிடும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, நைசான உப்புத்தாளால் மெருகேற்று. எமரித்தாள் தொடாதே, அதன் தூள் செப்புப் பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு போதும். பட்டைகளுக்கு இடையில் உள்ள மைக்கா செப்பு மட்டத்திலிருந்து 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடின் இரு பக்கத்தையும் கிரைண்டரில் தேய்த்து, பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக மெலிதாக்கிக்கொண்டால் அதைவிட நல்ல கருவி கிடையாது. ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் மைக்கா ஒட்டிக்கொண்டு நிற்கவில்லையா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார். மெலிதாக ஒரு கீற்று மிஞ்சினாலும் பிரஷ் அதன்மேல் ஏறித் துள்ளும், பொறி பறக்கும்.

ஆர்மேச்சர் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று வைண்டிங் கடையில் குரோலரில் (ஆர்மேச்சரைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல். எர்த் ஆகியிருக்கிறதா என்பதை நீயே டெஸ்ட் லேம்பில் பார்க்கலாம்: ஷாஃப்டுக்கும் எந்தச் செப்புப் பட்டைக்கும் இடையில் வைத்தாலும் விளக்கு எரியக் கூடாது. ரீவைண்டிங் தேவைப்பட்டால் இங்கே கோவைக்கு அனுப்பு. பம்ப் மோட்டார் கட்டிக் கட்டிக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, பழைய சுற்று எண்ணிக்கையும் கம்பி கேஜும் மாறக் கூடாது. வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்துக் காயவைத்துத் தரச் சொல். வெறுமனே தடவினால் அதிர்விலும் வேகத்திலும் சுற்று வெளியே பிதுங்கும்.

ஃபீல்ட் காயிலுக்கு மூன்று ஓம் அளவில் காட்ட வேண்டும். மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட். அதை எடுக்க போல் ஷூ (காயிலைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டு) ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். வருடக்கணக்கில் இறுகிப் போயிருக்கும். இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் கை வைத்தால் தலை மழுங்கிவிடும். கழற்றும் முன் போல் ஷூ எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அடையாளம் போட்டுக்கொள். புதுக் காயிலுக்குக் காட்டன் டேப் தடிமனாகச் சுற்றினால் போல் ஷூ முழுதாக உட்காராது, ஆர்மேச்சர் அதில் உரசும். கம்யூட்டேட்டர் பக்கத்தில் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே உரசல்தான். புது வெண்கல புஷ்ஷை மெல்லிய எண்ணெயில் 24 மணி நேரம் ஊறவைத்து அப்புறம் ஏற்று. திரும்ப மாட்டும்போது ஃபைபர் பற்சக்கரத்தின் பற்களையும் ஒரு பார்வை பார். பல் போயிருந்தால் டைனமோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுற்றாது.

ரெகுலேட்டர் விஷயத்தில் மட்டும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதில் டைனமோவையும் பாட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் முனைகள் ஒட்டிக்கொண்டால், இன்ஜின் நின்ற பிறகு பாட்டரி டைனமோ வழியாகத் திரும்பிப் பாயும், வயரும் ஆர்மேச்சரும் கருகும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒன்றை வாங்கிப் பழைய பெட்டிக்குள்ளேயே வைத்துவிடு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பழைய பெட்டியில் முனைகள் எஃப், ஏ, டி, ஈ என்ற வரிசையில் இருக்கும். எஃப்பும் டியும் டைனமோவுக்கு. ஏ ஆம்மீட்டர் வழியாகப் பாட்டரிக்கு. ஈ எர்த்துக்கு. எஃப்பையும் டியையும் மாற்றிக் கொடுத்தால் ரெகுலேட்டர் போய்விடும்.

டி, ஏ வயர்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போடு, எஃப்புக்கு 1 போதும். லூகாஸின் ஈ3எல் மாடல் டைனமோ 60 வாட், அதாவது ஆறு வோல்ட்டில் பத்து ஆம்பியர். உன்னுடையது உடம்பு குட்டையான ஈ3எச் என்றால் அதைவிடக் குறைவுதான் தரும். பாட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று வை. எர்த்துக்கு சேஸை நம்பாதே, பெயின்ட் தடுக்கும். டைனமோ உடம்பிலிருந்து ரெகுலேட்டருக்கு, அங்கிருந்து பாட்டரிக்கு என்று தனி வயர் இழு.

வாங்கும் முன் உன் வண்டி பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா, அதாவது பாட்டரியின் எந்த முனை எர்த்தில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள். லூகாஸ் போருக்குப் பிறகு பாசிட்டிவ் எர்த்துக்கு மாறியது, நடுவில் யார் என்ன மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கேற்ற ரெகுலேட்டர் கிடைத்ததும், அதை இணைப்பதற்கு முன்பே டைனமோவின் காந்தத்தைத் திசைப்படுத்த வேண்டும். எர்த் ஆகாத பாட்டரி முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் எஃப் முனையில் ஓரிரு விநாடி தொட்டு எடு. சின்னதாகப் பொறி வரும், அவ்வளவுதான். இதை விட்டுவிட்டால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்து, புது ரெகுலேட்டரை முதல் உதையிலேயே கொன்றுவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, நடுத்தர வேகத்தில் பாட்டரி முனையில் அளந்து பார். 7 முதல் 7.3 வோல்ட்டுக்குள் நின்றால் சரி. அடுத்து விளக்கைப் போட்டு, டைனமோ உடம்புக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் நடுவில் அள. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் எங்கோ துரு. ஹெட்லைட்டுக்கு 6 வோல்ட் 35 வாட் ஹாலஜன் போதும், பின் விளக்கை எல்.இ.டி. ஆக்கிவிடு. எல்.இ.டி. வாங்கும்போதும் எர்த் எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்கு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் சில பல்புகள் எரியவே எரியாது.

ரெகுலேட்டருக்கு இப்போதே பணம் அனுப்பாதே. டி, எஃப் இணைத்துப் பார்த்த வோல்ட் எவ்வளவு, ஃபீல்ட் ஓம் எவ்வளவு, டைனமோ உடம்பில் அடித்திருக்கும் எண் என்ன, இந்த மூன்றையும் எழுது. வீட்டில் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்