திண்ணையில் ஒரு ரேடியோ

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். பையன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

நீ கேட்டிருந்தாயே, இத்தனை வருஷமாக பாஸ்டனில் இருக்கிறாய், அந்த ஊர் மனுஷர்களோடு ஒட்ட முடிந்ததா என்று. முடிந்தது. பேஸ்பால் மூலமாகத்தான் முடிந்தது. அதை இன்று உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

2019 கோடையில் எனக்கு வேலை போனது உனக்குத் தெரியும். காலையில் மகளைப் பள்ளிக்கூட முகாமில் விட்டுவிட்டு வந்தால், அப்புறம் நாள் முழுக்க வெறும் வீடுதான். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். மனைவி இறந்து தனியாக இருப்பவர். அதுவரை கையசைப்போடு சரி. ஒரு சாயங்காலம் வேலி ஓரம் வந்து நின்று, "ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது, வந்து உட்கார்" என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலில் நம்மூர்த் திண்ணை மாதிரி கூரை போட்ட இடம். இரண்டு நாற்காலி, நடுவே ஒரு பழைய ரேடியோ. அன்று போய் உட்கார்ந்தேன். இன்றுவரை உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

உலகக்கோப்பை வந்தால் ஊரே டிவி முன்னால் உட்காருவோமே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு அணிக்கும் ஆறு மாதத்தில் 162 ஆட்டம். கிட்டத்தட்ட தினமும் உண்டு. நேற்று தோற்றால் இன்று ஏழு மணிக்கு இன்னொன்று இருக்கிறது. வேலை இல்லாமல் இருக்கிறவனுக்கு, சாயங்காலம் ஆனால் ஒன்று நடக்கும், அதற்கு இன்னொருவர் நமக்காக நாற்காலி போட்டு வைத்திருப்பார் என்பது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ரேடியோவில் பேசியவர் ஜோ காஸ்டிலியோனி. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு 1983-லிருந்து 2024 வரை அவர் குரல்தான். பந்துக்குப் பந்து இடைவெளி நிறைய இருப்பதால், அந்த நேரத்தில் பழைய ஆட்டக்காரர், மழை, யாருடைய மகன் எங்கே ஆடுகிறான் என்று பேசிக்கொண்டே இருப்பார். "என் மனைவியின் குரலுக்கு அடுத்து இந்த வீட்டில் அதிகம் கேட்ட குரல் இது" என்றார் பெரியவர். காஸ்டிலியோனி ஓய்வுபெற்ற அன்று இவர் ரேடியோவை அணைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆடுகளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். பந்து எறிகிறவர் 1, பின்னால் உட்கார்ந்து பிடிக்கிறவர் 2, முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடுகிறவர் தொட வேண்டிய இடம்தான் பேஸ்) நிற்பவர் 3 என்று 9 வரை. இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் (6) பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸ்காரருக்கு (4) எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால், 6-4-3 என்று எழுதினால் போதும். அடிக்கத் தவறிய நல்ல பந்து ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட். கடைசிப் பந்துக்கு மட்டையை வீசி அப்படி அவுட் ஆனால் 'கே' (K) என்ற எழுத்து, வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். இப்படி எழுதிய நோட்டுகள் அவரிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. பழையவற்றில் பாதி அவருடைய அப்பா கையெழுத்து.

அந்த அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ரெட் சாக்ஸ் 1918-ல் கோப்பையை வென்றது. அடுத்து வென்றது 2004-ல். நடுவே 86 வருஷம். அப்பா 1919-ல் பிறந்து 1999-ல் இறந்தவர். 1946, 1967, 1975, 1986 என்று நான்கு முறை அணி இறுதித் தொடருக்குப் போய் (முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை), நான்கு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. நான்கையும் அவர் பார்த்திருக்கிறார். 2004-ல் இறுதிக்கு முந்தைய தொடரில் நியூயார்க் அணியான யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டமும் தோற்று, அடுத்த நான்கையும் வென்றார்கள். பெரிய லீக் பேஸ்பாலில் அதுவரை யாரும் செய்யாதது அது. பிறகு செயின்ட் லூயிஸ் அணியை நாலுக்குப் பூஜ்யம் என்று முடித்தார்கள். அன்று இரவு சந்திர கிரகணம் வேறு. மறுநாள் காலை பெரியவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போயிருக்கிறார். அங்கே ஏற்கெனவே நிறைய பேர். கற்கள்மேல் தொப்பியும் சின்னச் சின்னக் கொடியும். தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவரவர் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"உயிரோடு இருந்தபோது நானும் அவரும் வேறு எதைப் பற்றியும் ஒழுங்காகப் பேசியதில்லை" என்றார். இந்த ஊரில் இதை நான் பலரிடம் கேட்டுவிட்டேன். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே இந்த ஆட்டம்தான் பாலம்.

பேப் ரூத் என்ற பெரிய ஆட்டக்காரரை யாங்கீஸுக்கு விற்றதால் வந்த சாபம் அந்த 86 வருஷம் என்று ஊரில் சொல்வார்கள். பெரியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உட்பட மூன்று கறுப்பின வீரர்களை ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான இதே ஃபென்வேக்கு வரவழைத்து, ஒப்புக்கு ஆடச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1947-ல், ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆடி, பெரிய லீகில் கறுப்பினரைச் சேர்க்காத வழக்கத்தை உடைத்து வரலாற்றை மாற்றினார். ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பின வீரரைப் பெரிய லீக் ஆட்டத்தில் இறக்கியது 1959-ல்தான், எல்லா அணிகளுக்கும் கடைசியாக. "சாபம் என்று ஒன்று இருந்தால் அதை நாங்களே எழுதிக்கொண்டோம்" என்பார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இப்போது ஏப்ரல் 15 அன்று எல்லா அணியிலும் எல்லாரும் ராபின்சனின் 42-ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.

மகளுக்குப் பத்து வயதாகிறது. பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் ஷார்ட்ஸ்டாப். பெண் பிள்ளைகளை அதில் சேர்த்துக்கொண்டதே 1974-ல்தான் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். போன சனிக்கிழமை கடைசி இன்னிங்ஸில் தரையோடு வந்த பந்து அவள் கால்களுக்கு நடுவே போய்விட்டது. இரண்டு ரன், ஆட்டம் போச்சு. காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் நேராகப் பெரியவர் திண்ணைக்குப் போனாள்.

அவர் உள்ளே போய் 1986 நோட்டை எடுத்து வந்தார். ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். ரெட் சாக்ஸ் இரண்டு ரன் முன்னணி, இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் கிடைத்தால் கோப்பை. அங்கிருந்து எல்லாம் சரிந்தது. கடைசியில் மெதுவாக உருண்டு வந்த பந்து முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு நடுவே போனது. நோட்டில் அந்தப் பந்துக்கான கட்டத்தில் எரர், 3, அதாவது முதல் பேஸ்காரரின் பிழை, என்று எழுதியிருந்தது. பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. மகள் அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இருபது வருஷம் அந்த மனுஷர்மேல் கோபமாக இருந்தேன்" என்றார் பெரியவர். "பந்து அவரிடம் வரும் முன்பே ஸ்கோர் சமமாகிவிட்டது. ஏழாவது ஆட்டமும் பாக்கி இருந்தது. கணுக்கால் வலியோடு ஆடிக்கொண்டிருந்தார். எல்லாம் இந்த நோட்டிலேயே இருக்கிறது, நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை." 2008 ஏப்ரலில், அந்த சீசனில் ஃபென்வேயில் நடந்த முதல் ஆட்டத்துக்கு முன்னால், மரியாதைக்காக முதல் பந்தை எறிய பக்னரை அழைத்தார்கள். இடப்பக்கச் சுவரிலிருந்து அவர் நடந்து வர, மைதானம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவரும் அன்று அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார்.

"அதுக்கப்புறம் அவர் ஆடினாரா?" என்று மகள் கேட்டாள்.

"1990 வரைக்கும். மொத்தம் 2,715 ஹிட்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என்னை எழுப்பி, தரையோடு பந்து உருட்டிவிடச் சொன்னாள். ஒரு மணி நேரம் உருட்டினேன். முதுகு இன்னும் வலிக்கிறது.

நீ ஆகஸ்டில் வருவது உறுதிதானே? டிக்கெட் எடுத்ததும் தேதி சொல். ஃபென்வேயில் ஒரு ஆட்டம் பார்த்துவிடலாம். அங்கே 37 அடி உயரப் பச்சைச் சுவர் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே ஆட்கள் இருந்து இன்னமும் கையால்தான் ஸ்கோர் பலகையில் எண் மாட்டுகிறார்கள். மற்ற நாட்களுக்குத் திண்ணை இருக்கிறது. நீ வரப்போவதைப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது நாற்காலியை மாடியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்